என் கையில் மட்டும் நின்றுபோன கார்

முதல் தடவை அது மணிமுத்தாற்றுப் பாலத்தின் நடுவில் நின்றது. சித்திரை மாதத்து மத்தியானம். முன்னால் ஒரு கரும்பு லாரி, பின்னால் பஸ். இரண்டாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். இருமலோ குலுக்கலோ எதுவும் இல்லை. யாரோ சுவிட்சைத் தட்டிவிட்ட மாதிரி இன்ஜின் அணைந்தது. ஸ்டீயரிங் சட்டென்று கல்லாக இறுகிவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்ஜின் சுற்றும் சத்தம் கேட்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் பஸ்ஸிலிருந்து இறங்கிய சிலர் பாலத்தின் அந்தப் பக்கம் வரை தள்ளிவிட்டுப் போனார்கள்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா பார்ப்போமே என்று சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு போய் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

"நல்லாத்தான இருக்குது. நீ கிளட்ச்ச பாதி அமுக்கிக்கிட்டே ஓட்டியிருப்ப. டிராஃபிக்குல அப்படித்தான் ஆஃப் ஆவும்."

நான் சாவியை வாங்கி டிவிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். பேசும் நிலையில் நாங்கள் அப்போது இல்லை என்று சொன்னால் சண்டை என்று நினைக்கக் கூடாது. சண்டை இல்லை. அவர் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணமான சில மாதங்களில் போனவர், லீவுக்கு லீவு வந்துவிட்டு, இந்தப் பொங்கலுக்குத்தான் மொத்தமாகத் திரும்பியிருந்தார். இருபது வருஷமாகப் போனில் பேசிக்கொண்டவர்கள் ஒரே வீட்டில் நாள் முழுக்க என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவர் டிவியைப் போட்டால் நான் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். நான் ஹாலுக்கு வந்தால் அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தக் காரும் அப்படித்தான். ஒரு லீவில் வந்தபோது பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினார். அவர் போன பிறகு உறை போட்டு நிறுத்தியிருந்தோம். மாமனாருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாராவாரம் ரத்தம் சுத்திகரிக்கக் கடலூருக்குப் போக வேண்டிவந்தபோதுதான் நான் ஓட்டப் பழகினேன். அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, தலைக்குத் துண்டு சுருட்டி வைத்து, போக வர ஓட்டுவேன். மாமனார் இறந்த பிறகு கார் நான் வேலைக்குப் போய்வர என்று ஆனது. தொழிற்பேட்டையில் மின்கம்பத்துக்குப் போடும் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். செராமிக் டிப்ளமோ படித்ததும் இந்த ஊரில்தான்.

ஆக, என் கணவர் வாங்கிய காரை அவரைவிட நான்தான் அதிகம் ஓட்டியிருந்தேன். இதை அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

இரண்டாவது தடவை ஜங்ஷன் ரோட்டில் நின்றது. மூன்றாவது தடவை உழவர் சந்தை தாண்டி. மங்கலம்பேட்டை ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர், நிதானமான ஆள். காரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

"ஒரு கோளாறும் காட்டல அண்ணே. பெட்ரோல் பம்ப்பா இருக்கலாம். சூட்டுல சில சமயம் மக்கர் பண்ணும்" என்றார் என் கணவரிடம்.

பம்ப்பை மாற்றினார். அந்த வாரமே மறுபடி நின்றது. இந்தத் தடவை பின்னால் வந்த மோட்டார் பைக் ஒன்று இடிக்கப் பார்த்து, ஒடித்துத் திருப்பிப் போனது. ஓட்டியவர் திட்டிவிட்டுப் போன வார்த்தையை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருக்காரர் யாரோ பார்த்துவிட்டு அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயந்தரம் என் கணவர் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்ச நாளு நீ ஓட்ட வேணாம். நான் பாத்துக்கறேன்."

"வண்டிலதான் கோளாறு இருக்குது."

"இருந்தா எனக்குத் தெரியாதா? இத்தினி நாளா ஓட்டுறேன், ஒரு தடவ நின்னுச்சா?"

நிற்கவில்லைதான். அவர் காலையில் ஓட்டினார், மத்தியானம் ஓட்டினார், ஒரு நாள் நெய்வேலி வரை போய்வந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், என் அம்மா, கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். என் அம்மா போனில், "அதான் மாப்ள வந்துட்டாருல்ல, இனிமே உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது ஆறுதலாக இல்லை.

ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு விஷயம் நமக்கு மட்டும் நடக்கிறது, மற்றவர் பார்க்கும்போது நடக்க மாட்டேன் என்கிறது என்றால், கொஞ்ச நாளில் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. ஆட்டோவில் உட்கார்ந்து என் இடது காலைப் பார்த்துக்கொண்டே போவேன். கிளட்ச்சை நிஜமாகவே தெரியாமல் அமுக்கியிருப்பேனோ? கடலூர் ரோட்டில் அத்தனை லாரிக்கு நடுவில் ஒழுங்காக அமுக்கிய கால், இங்கே மட்டும் தப்பு செய்யுமா?

ஒரு நாள் கம்பெனியில் சூளைப் பக்கம் நின்றிருந்தேன். சுட்டு முடித்து, நெருப்பை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வெளித்தகட்டில் கையை வைக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அதான் ஆஃப் பண்ணிட்டாங்களேக்கா?"

"ஆஃப் பண்ண பொறவுதான் வெளிப்பக்கம் அதிகமா சுடும். காத்தும் நின்னுபோச்சுல்ல, உள்ள இருக்குற சூடு எங்க போவும்? வெளியதான் வரும்."

இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லி முடித்தபோது மனசு வேறெங்கோ போனது. பாலத்தில் நின்ற நாளில் நான் வரும் வழியில் மருந்துக் கடையில் இறங்கினேன். ஜங்ஷன் ரோட்டில் நின்றபோது பேங்கில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை சந்தையில் காய் வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு கொஞ்ச நேரம் நிறுத்தி, மறுபடி எடுத்திருக்கிறேன். ஓடும்போது முன்னாலிருந்து காற்று அடிக்கும். நிறுத்திவிட்டால் காற்று ஏது? இன்ஜினின் சூடு முழுக்கச் சுற்றியிருக்கும் சாமான்களில் ஏறும். என் கணவரோ ஏறினால் போய்ச் சேரும் வரை இறங்காதவர். டிரெய்லர் ஓட்டிய பழக்கம். வழியில் டீக்குக்கூட நிறுத்த மாட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"நாளைக்கு எனக்கு லீவு. மத்தியானம் நான் வண்டி ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. நான் எங்கெங்க நிறுத்துவேனோ அங்கெல்லாம் நிறுத்துவேன். நிக்கலன்னா இனிமே நான் வண்டியத் தொடல."

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி" என்றார்.

வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டி ஓட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். உச்சி வெயிலில் கிளம்பினோம். தொழிற்பேட்டை வரை போய்த் திரும்பினேன். மருந்துக் கடை எதிரில் நிறுத்தினேன். வாங்க ஒன்றும் இல்லாததால் இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மறுபடி எடுத்தேன். ஓடியது. சந்தைக்குப் போய் நிறுத்தினேன். அவர் இறங்கி வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். எடுத்தேன். அப்போதும் ஓடியது. மங்கலம்பேட்டை ரோட்டில் திருப்பினேன்.

கொஞ்ச தூரம் போனோம். அவர் திடீரென்று கேட்டார்.

"அப்பாவ கூட்டிக்கிட்டு போவியே, வண்டில என்னா பேசுவாரு?"

நான் எதிர்பார்க்கவில்லை. அவருடைய அப்பா செத்தபோது அவரால் வர முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

"போவும்போது பேசிக்கிட்டே வருவாரு. வழில தெரியுற நெலமெல்லாம் யாருது, என்னா பயிரு போட்டிருக்காங்க, இதான். வரும்போது களைச்சிப் போயிடுவாரு, பேச மாட்டாரு."

"என்னப் பத்தி?"

"நீங்க ஓட்டுற வண்டிக்கு எத்தினி சக்கரம்னு எங்கிட்ட அடிக்கடி கேப்பாரு. நான் சொன்னா எதுத்தாப்புல வர லாரி சக்கரத்த எண்ணுவாரு. எம்மொவன் வண்டி இதவிடப் பெருசுன்னு சொல்லுவாரு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் ரோட்டைப் பார்த்தேன். அந்த நேரத்தில் வண்டி நிற்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு எடுத்தோம். ஒரு வளைவு தாண்டி, மூன்றாவது கியருக்கு மாற்றிச் சீராகப் போய்க்கொண்டிருந்தேன். இன்ஜின் அணைந்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கத்தினேன். "எங் காலப் பாருங்க, கிளட்ச்லயே இல்ல!"

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி ரோட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஓரங்கட்டு, ஓரங்கட்டு" என்று அவரும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். புளியமரம் ஒன்றின் கீழே ஒதுக்கினோம். அவர் இறங்கி ஓடிப்போய், நல்ல தூரம் தள்ளி, ஒரு காய்ந்த கிளையை ரோட்டோரம் போட்டுவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவர் திரும்பத் திரும்பப் பின்னால் ரோட்டையே பார்ப்பதைக் கண்டதும் அடங்கிவிட்டேன்.

"என்னாங்க?"

"இரு, பாய்க்குப் போன் போடுறேன்" என்றவர் போனைக் கையில் எடுத்துவிட்டு, போடாமல் மட்கார்டில் சாய்ந்து நின்றார்.

"அங்க என்கூட ஒருத்தன் ரூம்ல இருந்தான். திட்டக்குடி பக்கம். பெரிய ரோட்டுல அவன் கார் இப்படித்தான் ஆஃப் ஆயி நின்னுடுச்சு. எறங்கிப் பாக்கறதுக்குள்ள பின்னாடி வந்தவன் அடிச்சிட்டான். நான்தான் ஆஸ்பத்திரில போயி அடையாளம் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"போன்ல இதெல்லாம் எப்படி சொல்றது?" துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ பாலத்துல நின்னுச்சுன்னு சொன்னப்பவே எனக்கு அவன் ஞாபகம்தான். உங் கால்மேல தப்புன்னு வெச்சிக்கிட்டா, சாவிய வாங்கிக்கலாம். வண்டிமேல தப்புன்னா எது, எப்போ, எங்கன்னு எனக்குத் தெரியல. அதான்" என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சாவியை வாங்கிக்கொண்டது அப்போதும் உறுத்தியது. ஆனால், நான் நினைத்திருந்தது ஒன்று, அவர் சுமந்துகொண்டிருந்தது இன்னொன்று. போனில் நாங்கள் ஒருவருக்கொருவர் நல்லதை மட்டுமே சொல்லிப் பழகியிருந்தோம். பெட்ரோல் பம்ப் மாற்றிய வாரம் பைக் ஓட்டியவர் திட்டியதை நானும்தான் அவரிடம் சொல்லவில்லை.

பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "பாய், வண்டி நின்னுடுச்சு. எங் கண்ணு முன்னாடியே."

"அல்லா! இப்பவாவது மாட்டுச்சே. அக்கா இருக்காங்களா? அக்கா, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க. நிக்கும்போது மீட்டர்ல ஆர்பிஎம் முள்ளு, இன்ஜின் சுத்துற வேகத்தக் காட்டுமே, அது எப்படி விழுந்துச்சு?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. யோசிக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் என் கண் அதில்தான் இருந்தது.

"ஒரேடியா பூஜ்யத்துக்குப் போயிடும் பாய். வண்டி இன்னும் கியர்ல ஓடிக்கிட்டுதான் இருக்கும், முள்ளு மட்டும் பொத்துன்னு விழுந்துடும்."

"இத ஏங்கா நீங்க முன்னாடியே சொல்லல?" என்றார்.

"கேட்டாத்தான பாய்?"

அவர் சிரித்துவிட்டார். "ஆமா, அண்ணன்கிட்டயே பேசிக்கிட்டிருந்துட்டேன். செரி, இப்ப சாவியத் திருப்புங்க. இன்ஜினு சுத்தும்போது முள்ளு கொஞ்சமாவது ஆடுதா?"

திருப்பினேன். இன்ஜின் சுற்றியது. முள் அசையவே இல்லை.

"அப்ப பெட்ரோல் பிரச்சன இல்லக்கா. கிராங்க் சென்சாரு. இன்ஜினு சுத்துது, எந்த நேரத்துல எந்த எடத்துல நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு சேதி சொல்றது அதான். அது வாயத் தொறக்கலன்னா, இன்ஜினு நின்னுட்டுதுன்னு கம்ப்யூட்டரு நெனச்சிக்கும். பொறியும் குடுக்காது, பெட்ரோலும் வுடாது. சூடானா உள்ள கம்பி வுட்டுடும், ஆறுனா சேந்துக்கும். அதான் இங்க வந்தா நல்லபுள்ளயா நின்னிருக்குது."

சென்சார் எங்கே இருக்கிறது என்று சொன்னார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புச் சாமான். என் கணவர் பானெட்டைத் திறந்து, தன் துண்டைக் குடிதண்ணீரில் நனைத்து, கையைச் சுட்டுக்கொண்டு, அதன் மேல் வைத்தார். இரண்டு மூன்று தடவை நனைத்து நனைத்து வைத்தார். மற்ற நாட்களில் அரைமணி நேரமாவது காத்திருப்பேன். அன்று உடனே ஸ்டார்ட் ஆனது.

நேராகப் பாயின் ஷெட்டுக்குப் போனோம். அவர் சென்சாரைக் கழற்றி, மின்தடை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அளவு செரியாத்தான் காட்டுது" என்றார்.

மறுபடி அதே கதையா? ஆனால் இந்த இடம் எனக்குப் பழக்கமான இடம்.

"பாய், எங்க கம்பெனியில இன்சுலேட்டர ஆறுன பொறவு மட்டும் பாத்தா எல்லாமே பாஸ்தான். சூடு பண்ணியும் பாப்போம். இதையும் சூடு பண்ணிப் பாருங்களேன்."

"அட, ஆமால்ல!" என்று வயருக்கு உறை ஒட்ட வைத்திருந்த சூடுகாற்று மிஷினை எடுத்தார். அவர் மீட்டரைப் பிடித்துக்கொள்ள, என் கணவர் காற்றைப் பிடித்தார். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எண் மெல்ல ஏறியது. பிறகு தடுமாறியது. சட்டென்று மறைந்து, மீட்டர் எதுவுமே இணைக்காத மாதிரி வெறுமையாக நின்றது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காற்றை நிறுத்தி ஆறவிட்டதும் எண் திரும்ப வந்தது. நம்பிக்கை வருவதற்காக இன்னொரு தடவை செய்தோம். அதே மாதிரி போய், அதே மாதிரி வந்தது.

"பம்ப்ப வீணா மாத்திட்டேன்க்கா" என்றார் பாய்.

"வுடுங்க பாய். நின்னதுன்னு நான் சொன்னத நம்பி எதையாவது மாத்தினது நீங்க மட்டுந்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற என் கணவர் குனிந்து சூடுகாற்று மிஷினின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

புதுச் சென்சார் பாண்டியிலிருந்து வந்தது. போட்ட பிறகு, வேண்டுமென்றே வெயிலில் அங்கங்கே நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. சாவி அவர் சட்டைப் பையிலிருந்து எப்போது டிவிக்குப் பக்கத்து ஆணிக்கு வந்தது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது அங்கே தொங்கியது. எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்று சாயந்தரம் மட்டும், "எங்கங்க நிறுத்தின?" என்று கேட்டார். சொன்னேன். பைக் ஓட்டியவர் திட்டிய கதையையும் அன்றுதான் சொன்னேன். என்ன வார்த்தை என்று கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடி மாதம் திட்டக்குடியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். பெண்ணாடம் வரை வாயை மூடவில்லை. "லாரிக்கு வழி வுடு. அந்த ஆட்டுக்காரர் குறுக்க வருவாரு, பாத்து. இப்ப கியர மாத்து." நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, செரி செரி என்றேன்.

பெண்ணாடம் தாண்டியதும் சத்தத்தைக் காணோம். கோபித்துக்கொண்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. பள்ளம் வந்த இடங்களில் வேகத்தைக் குறைத்துப் போனேன்.

திட்டக்குடி பஸ் ஸ்டாண்டு வந்ததும் தோளைத் தொட்டேன். "எழுந்திருங்க, வந்துட்டோம்."

விழித்து, சுற்றிலும் பார்த்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்க தூங்கினேன்? நீ ஓட்டுறதத்தான் பாத்துக்கிட்டு வரேன்" என்றார்.